குரூசர் வாங்கும் முன் கைப்பழக்கம் திரும்பட்டும்

பேராக் சுங்கை சிப்புட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். அடிக்கடி ஒரே மாதிரியான ஆட்கள் வருவார்கள். நாற்பத்தைந்து, ஐம்பது வயது இருக்கும். தோட்டத்தில் பிறந்து, அப்பாவின் கப்சாய் என்ற சின்ன மோட்டாரில் செம்மண் ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள். கல்யாணம், பிள்ளை, கார் என்று ஆனபின் மோட்டாரைத் தொடாமல் விட்டவர்கள். சிலர் ஒருமுறை விழுந்ததோடு விட்டவர்கள். இப்போது பிள்ளைகள் பினாங்கிலும் ஜோகூரிலும் வேலை பார்க்கிறார்கள், கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, மனசில் பழைய ஆசை திரும்ப வந்திருக்கிறது. "அண்ணே, எந்த குரூசர் எடுக்கலாம்?" என்று கேட்பார்கள். "கடைசியா எப்ப ஓட்டுனீங்க?" என்று நான் கேட்பேன்.

வண்டியை முதலில் எடுத்துவிட்டு, பயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வரிசை சரிவராது. குரூசர் என்பது இருக்கை தாழ்ந்த, நீளமான மோட்டார், எடை கீழ்ப்பகுதியில் இருக்கும், வேகத்தில் போகும்போது நேராக அசையாமல் போகும். அங்கே யாருக்கும் பயம் வருவதில்லை. பெட்ரோல் நிலையத்தில் திரும்பும்போது, சிக்னலில் நிற்கும்போது, ஏற்றத்தில் கிளப்பும்போது, வாசலில் வண்டியைப் பின்னால் தள்ளும்போதுதான் வரும். நடக்கிற வேகத்தில்தான் 190 கிலோ வண்டி தன் எடையைக் காட்டும். அந்த வேகத்தில் கை தெளிய வேண்டும். அதற்கு இன்னொருவருடைய சின்ன வண்டியே போதும்.

முதலில் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். காலாவதியாகி 3 ஆண்டுகள் தாண்டியிருந்தால் சும்மா புதுப்பிக்க முடியாது, மறுபடியும் வகுப்பு, தேர்வு என்று போகவேண்டியிருக்கும். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது பி2. அது 250 சிசி வரைக்கும்தான். 350 சிசி வண்டிக்கே அது போதாது. ஷோரூமில் முன்பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

இனி கை, கால் பழக்கம். கப்சாயில் வளர்ந்தவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். கப்சாயில் கிளட்ச் பிடி கிடையாது, காலால் மிதித்தால் கிளட்ச் தானே விடுபடும். முன்னால் மிதித்தால் கியர் ஏறும், குதிகாலால் பின்னால் மிதித்தால் இறங்கும். குரூசரில் இது நேர்மாறு. முதல் கியருக்கு மட்டும் கீழே மிதிக்க வேண்டும், மற்ற கியர்களுக்குப் பாதத்தால் மேலே தூக்க வேண்டும். ராயல் என்ஃபீல்ட் மீட்டியோர் மாதிரி முன்னும் பின்னும் மிதி உள்ள வண்டியில் குதிகாலால் மிதித்தால் கியர் ஏறும், முன்னால் மிதித்தால் இறங்கும். சாதாரணமாக ஓட்டும்போது இது இரண்டு நாளில் பழகிவிடும். பதற்றம் வந்தால் மட்டும் கால் பழைய பழக்கத்துக்கே போய்விடும். கியர் ஏற்றுவதாக நினைத்து முன்னால் மிதிப்பீர்கள், கியர் இறங்கி, பின் சக்கரம் இழுத்துப் பிடிக்கும். ஈரச் சாலையில் அப்படி ஆகக்கூடாது. அதனால்தான் பழகுவதற்குக் கப்சாய் வேண்டாம் என்கிறேன். மருமகன் வீட்டிலோ மச்சான் வீட்டிலோ ஒரு யமஹா ஒய்15 கட்டாயம் இருக்கும். கிளட்ச் பிடி உள்ள வண்டி, கியர் வரிசையும் குரூசர் மாதிரியேதான், எடை 115 கிலோ அளவு. ஒரு மாதத்துக்குக் கேட்டு வாங்குங்கள்.

இடம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்ட ஆபீஸ் முன்னால் இருக்கும் பெரட்டுக் களம் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் திடல்) காலியாக இருக்கும். காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரம் வேண்டாம், புல்லில் டயர் வழுக்கும்.

முதல் நாள் வண்டியை ஓட்டவே வேண்டாம். இன்ஜினைப் போட்டு, முதல் கியர் வைத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்காருங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். கிளட்ச் பிடியை மெதுவாக விடுங்கள். கொஞ்ச தூரம் வரை ஒன்றும் நடக்காது. அப்புறம் இன்ஜின் சத்தம் லேசாக இறங்கும், வண்டி முன்னால் போகப் பார்ப்பது தொடையில் தெரியும். அங்கேயே நிறுத்துங்கள். அதுதான் பிடிக்கும் இடம். உடனே பிடியை இழுத்து, வண்டியைக் காலால் பின்னுக்குத் தள்ளி, மறுபடி விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் அந்த இடம் விரலுக்குத் தெரிகிற வரைக்கும் செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் குரூசரில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் உங்களைக் காப்பாற்றப் போவது இந்த இரண்டு விரல்தான்.

அது வந்தபின் நடக்கிற வேகத்தில் நேராகப் போங்கள். கிளட்சைப் பிடிக்கும் இடத்திலேயே வைத்து, பின் பிரேக்கை லேசாக அழுத்தி வைத்தால் வண்டி ஆடாது. முன் பிரேக்கைத் திருப்பத்தில் தொடாதீர்கள், கைப்பிடி திரும்பியிருக்கும்போது பிடித்தால் வண்டி சாய்ந்துவிடும். அடுத்து முழுவட்டத் திருப்பம். முன் சக்கரத்தைப் பார்த்தால் அங்கேயேதான் விழுவீர்கள். தோளைத் திருப்பி, போகவேண்டிய இடத்தைப் பாருங்கள், வண்டி பின்னாலேயே வரும்.

அப்புறம் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் நிற்கப் பழகுங்கள். தோட்ட ரோட்டில் வளர்ந்தவர்கள் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கும் பழக்கத்தோடு வருவார்கள். செம்மண்ணில் அது சரி. தார் ரோட்டில் வண்டியை நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, முதலில் மெதுவாக, பிறகு இறுக்கமாகப் பிடித்து நில்லுங்கள்.

விழுந்ததால் விட்டவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளினிக்கில் வேலை செய்யும் ஓர் அக்கா, ஆலை முச்சந்தியில் உதிரிப் பழத்தின் மேல் சக்கரம் ஏறி விழுந்தவர். செம்பனை லோரி திரும்பும் இடத்தில் பழம் கொட்டிக் கிடக்கும், டயருக்குக் கீழே உருளும், நசுங்கினால் எண்ணெய். காயம் ஆறியும் அந்த முச்சந்தி வந்தாலே கை விறைத்துவிடும் என்றார். வண்டி இல்லாமல் ஒரு காலையில் அங்கே நடந்து போனோம். பழம் எந்தப் பக்கம் கொட்டுகிறது, லோரி சக்கரம் எந்தத் தடத்தில் போகிறது என்று நின்று பார்த்தார். அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டே அந்தத் திருப்பத்தைக் கடந்தார். அதற்கப்புறம்தான் ஓட்டினார். பயத்துக்கு ஒரு காரணம் இருந்தால் அந்தக் காரணத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். "தைரியமா ஓட்டு" என்று மற்றவர் சொல்வதால் ஒன்றும் ஆகாது.

ரோட்டுக்கு வரும் வரிசை இப்படி. முதலில் தோட்டத்துக்குள்ளே. பிறகு ஞாயிறு காலையில் லாசா ரோடு. அது பழகியபின் ஈப்போ–கோலகங்சார் பழைய சாலை. காராய் விக்டோரியா பாலம் வரை போய் வருவது நல்ல முதல் பயணம். 1900இல் கட்டி முடித்த ரயில் பாலம் அது, நின்று பார்க்க நன்றாக இருக்கும். நெடுஞ்சாலையில் மோட்டாருக்குச் சுங்கக் கட்டணம் இல்லைதான், அதற்காக அவசரப்பட வேண்டாம். மெனோரா சுரங்கத்தை ஒட்டிய இறக்கத்தில் பாரம் ஏற்றிய லோரிகளோடு இறங்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை ஆரம்பித்த முதல் சில நிமிடங்கள் தார் ரோடு மிக மோசமாக வழுக்கும், ஓரமாக ஒதுங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போங்கள். ஹெல்மெட்டில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஒட்டுவில்லை இருக்கிறதா பாருங்கள். இருபது வருடம் பழைய ஹெல்மெட்டை மறுபடி எடுத்துப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் நுரை செத்திருக்கும்.

இவ்வளவும் ஆனபின் வண்டி பார்க்கப் போகலாம். ஓட்டும்போது போடும் ஷூவோடு போங்கள். உட்கார்ந்ததும் இரண்டு குதிகாலும் தரையில் முழுசாகப் படவேண்டும். சாய்வுக்காலை (சைட் ஸ்டாண்டை) மடக்கி, வண்டியை உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளிப் பாருங்கள். கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கத்துக் கை எட்டாமல் உடம்பு முன்னால் இழுபட்டால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். கால் வைக்கும் இடத்தையும் பாருங்கள். கால் ரொம்ப முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குரூசரில் குழி வரும்போது எழுந்து நிற்க முடியாது, அடி முழுசும் முதுகெலும்புக்குப் போகும். லோரி ஓடி உடைந்த நம் ரோடுகளுக்குக் கால் நடுவில் இருக்கும் வண்டிதான் நல்லது.

எனக்குப் பிடித்தது மீட்டியோர் 350. இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர், எடை 191 கிலோ, 20 குதிரைசக்தி. கீழ் வேகத்திலேயே இழுவை இருப்பதால் கிளட்ச் தடுமாறினாலும் சட்டென்று அணைந்துவிடாது. 90 கிலோமீட்டர் வரை நிம்மதியாகப் போகும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். தினமும் நெடுஞ்சாலையில் பினாங்கு போகிறவருக்கு அது பொருந்தாது. அதே இன்ஜின் உள்ள கிளாசிக் 350 இருக்கை 805 மில்லிமீட்டர், குள்ளமானவர்களுக்குச் சிரமம். ஹோண்டா ரெபெல் 500 இருக்கை 690 மில்லிமீட்டர்தான். எடை மீட்டியோர் அளவே, சக்தி இரண்டு மடங்குக்கும் மேல். உயரம் குறைந்தவர்கள் இதைப் பார்க்கலாம், ஆனால் ஆக்சிலேட்டர் கை நிதானமாக இருக்கவேண்டும். கவாசாகி வல்கன் எஸ் 649 சிசி, 220 கிலோவுக்கு மேல். நல்ல வண்டிதான், திரும்ப ஓட்ட வருகிறவருக்கு முதல் வண்டியாக நான் சொல்லமாட்டேன். பி2 மட்டும் இருப்பவர் பழைய யமஹா விராகோ 250 நல்ல நிலையில் கிடைத்தால் எடுக்கலாம், எடை 150 கிலோவுக்குள். கெடா குருணில் செய்த மொடெனாஸ் ஜாகு 175 இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். பழைய வண்டி எதுவானாலும் சட்டக எண்ணையும் இன்ஜின் எண்ணையும் கிராண்டோடு (வண்டிப் பதிவுச் சான்றிதழோடு) ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவையும் கணக்குப் பண்ணுங்கள். 150 சிசி வரை ரோடு டேக்ஸ் 2 வெள்ளி (ரிங்கிட்). 251 முதல் 500 வரை 100 வெள்ளி, 500 தாண்டி 800 வரை 250 வெள்ளி. டயர், இன்சூரன்ஸ் எல்லாம் அந்த மாதிரியே ஏறும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் தூக்கப் பழகுங்கள். சாய்ந்த வண்டியை முன்பக்கமாகக் குனிந்து தூக்கினால் முதுகு போய்விடும். இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சாய்வுக்காலை முதலிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். கைப்பிடியை விழுந்த பக்கம் முழுக்கத் திருப்பி, இருக்கையில் இடுப்பின் பின்புறத்தை வைத்து, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, காலால் பின்னோக்கி நடந்தபடி எழுப்புங்கள். பழைய மெத்தை விரித்து அதன்மேல் வண்டியைச் சாய்த்துவைத்து, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்து பாருங்கள். இது தெரிந்துவிட்டால் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

பின்னால் ஆள் ஏற்றுவதை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டம்மா எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் தனியாக மழையிலும் இருட்டிலும் ஓட்டிப் பழகியபிறகுதான். ஏற்றும் அன்று பின் ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கி, பின் டயரில் இருவருக்கான காற்றை அடித்துக்கொள்ளுங்கள். அளவு சங்கிலி மூடியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். நீங்கள் இரண்டு காலும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, "சரி" என்று சொன்னபிறகுதான் ஏறவேண்டும், இறங்கும்போதும் அப்படியே என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.