"புத்தகம் எப்போ வருது?" என்று கேட்டால்

நாவல் எழுதுவதாக ஒருமுறை வாய்விட்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லாம் "புத்தகம் எப்போ வருது?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அக்கறையில் கேட்பதுதான். ஆனால் தேதி மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை அந்தத் தேதியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள்: "இப்போ திருத்திட்டு இருக்கேன். பதிப்பகத்துக்கு அனுப்பினாலும் பதில் வர மாசக்கணக்காகும்." பதிப்பு வேலை இவ்வளவு மெதுவாக நகரும் என்பது பலருக்குத் தெரியாது, கேட்டதும் விட்டுவிடுவார்கள். அப்புறம் "நீங்க கடைசியா என்ன படிச்சீங்க?" என்று பேச்சைத் திருப்பிவிடலாம்.

கதையைச் சொல்லச் சொன்னால் மட்டும் நழுவிவிடுங்கள். வாயால் சொல்லித் தீர்த்த கதையை உட்கார்ந்து எழுத மனசே வராது (எனக்கு வராது). "என்னைப் பத்தி எழுதியிருக்கியா?" என்பவருக்கு ஒரு சிரிப்பு போதும்.