கார் பெயின்ட்டை நீர்விட்டுத் தேய்த்து மெருகேற்றுதல்: முதன்முறை செய்பவர்களுக்கு

ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நீளும் கரும்பு வெட்டுக் காலத்தில், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலம், டோங்காட் பக்கங்களில் வெட்டுக்கு முன் வயலுக்குத் தீ வைக்கும்போது எழும் கரிச்சாம்பல், காற்றோடு வந்து வாசலில் நிற்கும் கார்களின் மீது படிகிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பலர் அதை உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறார்கள். சாம்பலோடு சேர்ந்திருக்கும் மண்துகள்கள் துணிக்கும் பெயின்ட்டுக்கும் இடையே உருண்டு, பானட் முழுவதும் மெல்லிய கோடுகளை இழுத்துவிடுகின்றன. பாலிஷ் போட்டும் போகாத அத்தகைய கீறல்களை நீங்களே அகற்ற விரும்பினால், நீர்விட்டு உப்புத்தாளால் தேய்க்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தாளைக் கையில் எடுப்பதற்கு முன், அது பெயின்ட்டில் என்ன செய்கிறது என்பது தெளிவாகப் புரிந்திருக்க வேண்டும்.

தேய்ப்பதனால் கீறல் நிரம்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பரப்பு, கீறலின் அடிமட்டம் வரை தாழ்த்தப்படுகிறது. இன்றைய கார்களில் தகட்டின் மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சும், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட்டும், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட்டும் இருக்கின்றன. தொழிற்சாலையில் அடிக்கப்படும் கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். நாம் அச்சிடப் பயன்படுத்தும் வெள்ளைத் தாளின் தடிமனில் ஏறக்குறைய பாதி. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள் இந்தப் பூச்சில் கலந்திருப்பதால், அதை எவ்வளவு மெலிய வைக்கிறீர்களோ அவ்வளவுக்கு டர்பன் வெயிலைத் தாங்கும் திறனும் குறையும். எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. ஆகவே முழுக் காரையும் தேய்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, கீறல் உள்ள இடத்தை மட்டும், தேவையான அளவு மட்டும் தேய்ப்பதே முறை.

முதலில் கீறலைச் சோதியுங்கள். விரல் நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது நகம் தெளிவாகச் சிக்கினால் கீறல் ஆழமானது. அதைத் தேய்த்து முழுமையாக நீக்க முயலக் கூடாது. கிளியர் கோட் ஏற்கெனவே வெளுத்து உரியத் தொடங்கியிருந்தாலும் இந்த முறை உதவாது, அதற்கு மறு பெயின்ட்தான் தீர்வு. அடுத்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் சிறிது பாலிஷைத் தடவி வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால், அந்த வண்டியில் கிளியர் கோட் இல்லை, நிறமே மேற்பூச்சு என்று பொருள். பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவி இரவலாகக் கிடைத்தால் அதையும் பயன்படுத்துங்கள். ஆனால் அது எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தே காட்டும். கிளியர் கோட்டை மட்டும் பிரித்துக் காட்டாது என்பதை மறக்கக் கூடாது.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. 2000, 3000 எண் வாட்டர் பேப்பர் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூடத் தாள் நயமாகும்), மென்மையான ரப்பர் கட்டை, மாஸ்கிங் டேப், மைக்ரோஃபைபர் துணிகள், வெட்டும் காம்பவுண்ட் (தாள் விட்ட கோடுகளைத் தேய்த்து அகற்றும் பசை), நயமான பாலிஷ், அவற்றுக்கு ஏற்ற இரண்டு பஞ்சு வட்டுகள், ட்யூவல் ஆக்‌ஷன் பாலிஷிங் மிஷின் (வட்டு சுழன்றபடியே அலையும் வகை) ஆகியவை போதும். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மிஷின் வேகமாக வேலை செய்யும் என்றாலும், ஒரே இடத்தில் சூட்டை ஏற்றிப் பெயின்ட்டைக் கருக்கிவிடக்கூடும். புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. 1000, 1200 எண் தாள்களைக் கடையில் காட்டினாலும் வாங்காதீர்கள். அவை விட்டுச்செல்லும் கோடுகளை அகற்றவே கிளியர் கோட்டின் பெரும்பகுதி செலவாகிவிடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலம் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. மழை குறைவு, காற்றில் ஈரப்பதமும் குறைவு. நம் நாட்டில் குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால், வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டிக் காரை நிறுத்தினால் நண்பகலிலும் நிழல் கிடைக்கும். தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

காரை நன்றாகக் கழுவி, க்ளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியால் ஒட்டியிருக்கும் துகள்களை நீக்குங்கள். தாள்களைச் சுத்தமான நீரில் 15 நிமிடமாவது ஊற வையுங்கள். தேய்க்கும்போது பயன்படுத்தும் நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஓரிரு சொட்டு விட்டால் தாள் வழுக்கிச் செல்லும், துகள் அடைக்காது. பிறகு பானட்டின் விளிம்புகள், மடிப்புக் கோடுகள், பக்கத்துப் பகுதிகள் அனைத்தின் மீதும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முனைகளில் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். நான் முதன்முதலில் பெரியப்பாவின் நீல நிறக் காரில் இந்த வேலையைச் செய்தபோது டேப் ஒட்டாமல் விட்டேன். பானட்டின் மடிப்பில் நான்கைந்து இழுப்புகளிலேயே கிளியர் கோட் போய் நீலம் கரைந்து நீரில் வந்துவிட்டது. பெரியப்பா ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. பானட் முழுவதையும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஸ்கிராப் யார்டில் ஒரு பழைய பானட்டை வாங்கி, அதில் வேண்டுமென்றே பெயின்ட் போகும்வரை ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். எத்தனை இழுப்பில் போகிறது என்பதை உங்கள் கையே அறிந்துகொள்ளும்.

2000 எண் தாளை ரப்பர் கட்டையில் சுற்றி, இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்தில், ஒரே திசையில் நேர்கோடாக இழுங்கள். வட்டமாகத் தேய்க்கவோ, விரல் நுனியால் அழுத்தவோ கூடாது. நுனி படும் இடம் பள்ளமாகிவிடும். கட்டையின் எடையும் கையின் எடையும் போதுமானவை. பத்து இழுப்புகளுக்கு ஒருமுறை நிறுத்தி, நீரைத் துடைத்து, உலர்ந்த பரப்பைப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எல்லாக் கீறல்களும் மறைந்தது போலவே தோன்றும். வழியும் நீர் பால் போல வெண்மையாக இருந்தால் கிளியர் கோட் தேய்கிறது; காரின் நிறம் கலந்து வந்தால் அக்கணமே நிறுத்த வேண்டும். வெள்ளை நிறக் காரில் இந்த அறிகுறி பயன்படாது என்பதால், அங்கே இழுப்புகளை எண்ணிக்கொண்டு இன்னும் குறைவாகவே தேய்க்க வேண்டும். தாளை அடிக்கடி நீரில் அலசுங்கள். தரையில் விழுந்த தாளை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஒரே ஒரு மணல்துகள் புதிய கீறலை உண்டாக்கப் போதும்.

பரப்பு ஒரே சீராக மங்கியதும், 3000 எண் தாளுக்கு மாறி, முந்தைய திசைக்குக் குறுக்காக இழுங்கள். பழைய கோடுகள் மறைந்து புதிய திசைக் கோடுகள் மட்டும் தெரிவதை வைத்து, முந்தைய தாளின் தடம் நீங்கியதை உறுதிசெய்துகொள்ளலாம். இந்தக் கட்டத்தில் சிக்கனம் காட்டத் தேவையில்லை. 3000 நன்றாகத் தேய்க்கப்பட்டிருந்தால் காம்பவுண்டின் வேலை பாதியாகிவிடும்.

மிஷினைச் செருகும் முன் நீர் வாளியை அப்புறப்படுத்தித் தரையை உலர்த்துங்கள், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்றும் பாருங்கள். வட்டில் பட்டாணி அளவுக்கு நான்கு சொட்டு காம்பவுண்ட் வைத்து, குறைந்த வேகத்தில் பரப்பிய பிறகு, ஆறு நிலைகள் உள்ள மிஷினில் 4 அல்லது 5இல் வைத்து, ஒரு பாதையின் மேல் அடுத்த பாதை பாதியளவு படியும்படி மெதுவாக நகர்த்துங்கள். நான்கு முதல் ஆறு சுற்றுகளுக்குப் பின் துடைத்துப் பாருங்கள். தகடு கையில் சுட்டால் ஆறவிடுங்கள்; பிளாஸ்டிக் பம்பர் சூட்டை வெளியேற்றாது என்பதால் அங்கே இருமடங்கு கவனம் வேண்டும். மங்கல் நீங்கியதும் வேறு வட்டில் நயமான பாலிஷால் முடித்து, நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய்கள் மீந்த கீறல்களை மறைத்திருக்கும். அவை நீங்கினால்தான் உண்மை நிலை தெரியும். அதன் பின் மெழுகோ சீலன்ட்டோ பூசலாம்.

மறுநாள் காலை காரை நேர்வெயிலில் நிறுத்தி, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மெல்லிய வட்டத் தடங்கள் தெரிந்தால் நயமான பாலிஷை மட்டும் இன்னொரு முறை போடுங்கள். ஓர் ஆழமான கீறலின் அடிக்கோடு மயிரிழை போல மீந்திருந்தால், அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் மீது உப்புத்தாள் மறுபடி படக் கூடாது.