போனில் மனநல ஆலோசனையா? முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிள்ளையின் தேர்வு, மாமியாரின் மருந்து, அலுவலக வேலை என எல்லாம் ஒன்றாக அழுத்தும்போது, ஆலோசகரை நேரில் போய்ப் பார்க்கப் பல பெற்றோருக்கு நேரம் இருப்பதில்லை. 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. முதல் முறை நான் சமையலறையில் நின்றபடி பேசினேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. கதவருகே மகளின் நிழல் தெரிந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று போனை வைத்துவிட்டேன். அடுத்த முறை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, இயர்போனை மாட்டிக்கொண்டேன். அரை மணி நேரம் மனம் விட்டுப் பேச முடிந்தது. மாடி இல்லாதவர்களுக்கு நிறுத்தி வைத்த காரும் போதும்.

பேசுவதற்கு முன் காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: தூக்கம் எப்படி இருக்கிறது, கடைசியாகப் பிள்ளையிடம் எப்போது கத்தினேன், எதற்காக? அழுகை வந்து பேச்சு தடுமாறினாலும் அந்தத் தாள் கைகொடுக்கும்.

தனியார் செயலி என்றால், பணம் கட்டும் முன்பே ஆலோசகரின் படிப்பைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால், அவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணையும் தயங்காமல் கேட்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் இடம், தாள் எதையும் பார்க்க வேண்டாம். அந்த நிமிடமே 14416-க்கு அழைத்துவிடுங்கள்.