முட்டை சைவமா? விருந்துக்கு முன்பே தீர்த்துக்கொள்வது எப்படி

நாமக்கல் பண்ணை முட்டை சேவலே இல்லாத கூண்டில் இடுவது, அடை வைத்தாலும் பொரிக்காது, அதனால் சைவம் என்று ஒரு வாதம் உண்டு. பொரிக்காது என்பது சரிதான், ஆனால் அதைச் சொல்லி எந்த அம்முச்சிப் பாட்டியையும் சாப்பிட வைக்க முடியாது. அதுவும் சேவலோடு மேய்கிற நாட்டுக்கோழி முட்டை என்றால் அந்த வாதமே நிற்காது.

அதனால் விருந்தாளியிடம் ‘சைவமா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், ‘முட்டை சேருமா, முட்டை போட்ட கேக் சேருமா?’ என்று தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் ஆம்லெட்டைத் தொடாத சிலர் கேக்கை விடமாட்டார்கள். பாக்கெட் என்றால் சுலபம்: நம் நாட்டு லேபிள் விதியில் பால் சைவம், முட்டை அசைவம், பச்சைப் புள்ளி இருந்தால் போதும். பேக்கரித் தட்டில் அடுக்கியதற்குக் குறி ஏது? வாய்விட்டுக் கேளுங்கள், வெஜ் பப்ஸ் மேலேயும் பளபளப்புக்கு முட்டை தடவியிருக்கலாம்.

வீட்டுக்குள்ளேயே ரெண்டு கட்சியா? ஆம்லெட்டுக்குத் தனித் தோசைக்கல், புரட்டாசி பிறந்ததும் அது பரண்மேல்.