கிணற்று நீர்மட்டத்தை கியூஜிஐஎஸ்ஸில் வரைவது எப்படி?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் கிணறுகளை அளந்து நீர்மட்ட வரைபடம் போட்டு வருகிறேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், கற்பதும் கடினமில்லை. வரைபடம் கெடுவது பெரும்பாலும் கிணற்றடியில் அளக்கும்போதுதான்.

விடியற்காலையில், மோட்டார் போடுமுன் அளந்துவிடுங்கள். இரவில் மும்முனை மின்சாரம் வந்து இறைத்தார்களா என்றும் கேளுங்கள். டேப்பைக் கைப்பிடிச் சுவரிலிருந்து விட்டால் சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். திறந்த கிணறா, போரா (ஆழ்துளைக் கிணறா) என்பதற்குக் குறிப்பில் தனிக் கட்டம் வையுங்கள். எங்கள் கருங்கல் பூமியில் கிணற்றில் நிற்பது மேலே சிதைந்த பாறையின் நீர். போரில் வருவது அடிப்பாறை வெடிப்புகளின் நீர். இரண்டையும் கலந்து வரைந்தால் அது எந்த நீரின் மட்டமும் ஆகாது. மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒருமுறை, ஊர் முழுக்க ஓரிரு நாளுக்குள் அளந்து முடியுங்கள்.

பிறகு கிணறுகளின் இடமும் அளவும் கொண்ட சிஎஸ்வி கோப்பை (அட்டவணைக் கோப்பு) ஏற்றி, இடத்தை மீட்டரில் குறிக்கும் இபிஎஸ்ஜி 32644 என்ற ஆயமுறைக்கு மாற்றுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கமென்றால் 32643. போன் காட்டும் உயரம் வேண்டாம். விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த 30 மீட்டர் கட்டங்கள் கொண்ட எஸ்ஆர்டிஎம் உயரப்படத்திலிருந்து ஒவ்வொரு கிணற்றின் நில உயரத்தையும் எடுங்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கிணறுகளுக்கு நடுவே உள்ள இடங்களுக்கு ஆழத்தை அப்படியே இடைக்கணிப்பு செய்யாதீர்கள். மேட்டுக்காட்டில் 20 மீட்டர், ஏரிக்குக் கீழே 4 மீட்டர் என்றால், இரண்டுக்கும் நடுவே கரடு இருப்பது மென்பொருளுக்குத் தெரியாது. நில உயரத்தில் ஆழத்தைக் கழித்து, நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கண்டு, அதை ஐடிடபிள்யூ அல்லது கிரிகிங் என்ற இடைக்கணிப்பு முறையில் பரப்புங்கள். அந்தப் பரப்பை உயரப்படத்திலிருந்து கழித்தால் ஆழ வரைபடம் கிடைத்துவிடும். ஓடையோ ஊற்றோ இல்லாத இடத்தில் விடை பூச்சியத்துக்குக் கீழே போனால், அங்கே இன்னொரு கிணறு அளக்க வேண்டும் என்று பொருள். சில கிணறுகளை ஒதுக்கிவைத்து வரைந்து, அவற்றின் உண்மை அளவோடு ஒப்பிடுவதையும் விடாதீர்கள்.

எஸ்ஆர்டிஎம் உயரத்திலேயே சில மீட்டர் பிழை உண்டு. ஒரே நீர்மட்டமுள்ள இடங்களை இணைக்கும் சமமட்டக் கோடுகளின் மட்ட வித்தியாசத்தை 5 மீட்டருக்கும் கீழே குறைக்க வேண்டாம். ஆனால் பருவகால மாற்றத்துக்கு இந்தக் கவலை இல்லை. ஒரே கிணற்றின் மே ஆழத்தில் ஜனவரி ஆழத்தைக் கழித்தால் போதும், நில உயரமே தேவைப்படாது. அந்த உயர்வைப் பாறையின் நீர்விடு திறனால் (பாறையின் கன அளவில் வடிந்து வெளிவரும் நீரின் பங்கு) பெருக்குங்கள். அதை 3 சதவீதம் என்று கொண்டால், 1 மீட்டர் உயர்வு 30 மில்லிமீட்டர் நீர். அதே காலத்தில் இறைத்ததையும் கூட்டினால்தான் மழை தந்த ஊறல் எவ்வளவு என்று தெரியும்.

நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மாட்ஃப்ளோ மென்பொருளில் மாதிரி கட்ட ஆசைப்படுவோருக்கும் இந்த இறைப்புக் கணக்கு இன்றியமையாதது. அளக்கப் போகும்போதே மோட்டாரின் குதிரைத்திறனையும் தினமும் ஓடும் மணிநேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.