காற்றாலைகளின் வானிலை விளைவை விமானத்தில் அளக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றாலை காற்றின் ஆற்றலை எடுத்துக்கொள்வதால், அதன் பின்புறம் வேகம் குறைந்து கொந்தளிப்பு மிகுந்த பட்டை ஒன்று நீள்கிறது. அதை இங்கே காற்று நிழல் என்று குறிப்பிடுகிறேன். பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டோர்னியர் 128 விமானம் 2016, 2017 ஆண்டுகளில் வடகடலின் ஜெர்மன் விரிகுடாவில் 41 முறை பறந்து, அங்குள்ள கடற்காற்றாலைத் தொகுதிகளின் நிழல் 70 கிலோமீட்டர் வரைகூட நீளக்கூடும் என்று காட்டியது. அந்த எண்ணை எல்லா நாளுக்கும் பொருத்துவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. குளிர்ந்த கடல்மீது வெப்பக்காற்று படர்ந்து, மேல்கீழ்க் கலப்பு அடங்கியிருக்கும்போதுதான் நிழல் அவ்வளவு தொலைவு நீடிக்கும். கடல்நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்தால், மேலிருந்து வேகமான காற்று இறங்கி அது விரைவில் கலைந்துவிடும்.

காற்றாலைகளுக்கு முன்னும் பின்னும் அளந்து கழித்துப் பார்த்தால் போதும் என்று எண்ணுவதும் பிழை. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று கரையைவிட்டு விலக விலகத் தானாகவே வேகம் பெறுவதால், ஒப்பீட்டுக்கு உரியது அதே கரைத்தொலைவில் நிழலுக்கு இருபுறமும் உள்ள தடைபடாத காற்றே ஆகும். அதனால்தான் விமானம் காற்றின் குறுக்காக, காற்றாலைச் சுழலியின் அச்சு இருக்கும் உயரத்தை ஒட்டி, ஏணிப்படிகள்போல் வரிசையாகப் பறக்கிறது.

கருவியின் பிழையை இலேசாக எண்ணிவிடக் கூடாது. விமானம் காற்றை நேரடியாக அளப்பதில்லை; தரையைச் சார்ந்த தன் வேகத்துக்கும் காற்றைச் சார்ந்த தன் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து கணக்கிடுகிறது. நொடிக்கு 66 மீட்டர் வேகத்தில் செல்லும்போது மூக்கின் திசையில் ஒரு டிகிரி பிசகினால், குறுக்குக்காற்றில் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் பிழை நுழைந்துவிடும். தொலைவில் நாம் தேடும் வேகக் குறைவே ஏறத்தாழ அவ்வளவுதான். விமானம் திரும்பி எதிர்த்திசையில் பறந்தால் இப்பிழையின் குறி மாறும் என்பதால், அதே கோட்டில் இருமுறை பறந்து பார்ப்பது நல்லது. 60 கிலோமீட்டர் கோட்டைக் கடக்கக் கால் மணி நேரம் ஆவதால், அதற்குள் காற்றே மாறியிருக்கவும் கூடும்.

சுழலிகளுக்குப் பின்னால் வெப்பநிலை சற்று உயர்ந்திருப்பதைக் கண்டு, காற்றாலை வெப்பத்தை உண்டாக்குகிறது என்று முடிவு செய்பவர்களும் உண்டு. உண்மையில் மேலே இருந்த வெப்பக்காற்று கீழே கலக்கப்படுகிறது, அவ்வளவே. ஆகவே ஒரே உயரத்தில் மட்டும் பறந்தால் போதாது; கலப்பையும் வெப்பமூட்டலையும் பிரித்தறிய, கடல்மட்டத்தருகிலிருந்து சுழலிகளின் உச்சிக்கு மேல்வரை ஏறி இறங்கி அளந்தே ஆக வேண்டும்.