அல்வா முதல் அணை வரை: விகிதக் கணக்கைப் படிப்படியாகப் பழகுவோம்

விகிதம், விகிதசமம் என்றாலே குறுக்குப் பெருக்கலில் இறங்கிவிடுகிறார்கள் பிள்ளைகள். விடை சரியாகக்கூட வரும். ஆனால் அது கிராமா, நாளா, கன அடியா என்று கேட்டால் விழிக்கிறார்கள். அலகைக் கடைசி வரை கூடவே எழுதிப் பழகினால் இந்தப் பாடத்தில் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும்.

படி 1: ஒரு பங்கு எவ்வளவு?

கோதுமை, சர்க்கரை, நெய் மூன்றும் எடையில் 2 : 5 : 3 என்று வைத்து அல்வா கிண்டுகிறோம். வீட்டில் சம்பா கோதுமை 400 கிராம் இருக்கிறது. கோதுமை 2 பங்கு, ஆகவே ஒரு பங்கு 200 கிராம். சர்க்கரை 1,000 கிராம், நெய் 600 கிராம்.

கேள்வியைச் சற்றே மாற்றுவோம். மூன்றும் சேர்ந்து 3,000 கிராம் என்றால்? இப்போது 2-ஆல் வகுக்கக் கூடாது. 2 + 5 + 3 = 10 பங்கு, ஒரு பங்கு 300 கிராம். கோதுமை 600, சர்க்கரை 1,500, நெய் 900 கிராம். கொடுத்திருப்பது ஒரு பொருளின் எடையா, மொத்த எடையா என்று பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

படி 2: நேரா, எதிரா?

பிசானப் பருவ நெல் நடவுக்கு 12 பேர் இறங்கினால் 4 நாளில் வயல் முடியும். 8 பேர் மட்டும் வந்தால்? ஆள் குறைந்தால் நாள் கூடும், ஆகவே இது எதிர் மாறல். மொத்த வேலை 12 × 4 = 48 ஆள்-நாள். 48 ÷ 8 = 6 நாள். எல்லாரும் ஒரே வேகத்தில் நடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால்தான் இது பொருந்தும்.

படி 3: கூட்டு அளவு

நெல்லைச் செய்தித்தாள்களில் அணை நிலவரம் பார்த்திருப்பீர்கள். பாபநாசம் அணையின் உயரம் 143 அடி. அடி என்பது தனி அளவு. நீர்வரத்தை ‘வினாடிக்கு 800 கன அடி’ என்று போட்டிருந்தால் அது கூட்டு அளவு. கன அளவைக் காலத்தால் வகுத்துக் கிடைப்பது. பஸ்ஸின் வேகமும் இதே இனம்தான்.

கணக்குக்காக, நீர்வரத்து வினாடிக்கு 800 கன அடி, வெளியேற்றம் 500 கன அடி என்று கொள்வோம். வினாடிக்கு 300 கன அடி தங்குகிறது. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. 300 × 86,400 = 2,59,20,000 கன அடி. வினாடியோடு வினாடி அடிபட்டு, கன அடி மட்டும் மிஞ்சுவதைக் கவனியுங்கள். சரியான வழியில்தான் போகிறோம் என்று அலகே சொல்லிவிடுகிறது.

இவ்வளவு தண்ணீருக்கு நீர்மட்டம் எத்தனை அடி உயரும்? இங்கே விகிதசமம் கைகொடுக்காது. மலைக்கு நடுவே உள்ள அணை அடியில் குறுகி, மேலே போகப் போக அகன்றிருக்கும். அதனால்தான் வறண்டு கிடந்த அணையில் நல்ல மழைக்கு மட்டம் மளமளவென்று ஏறுகிறது. நிறையும் தறுவாயில் அதே அளவு தண்ணீர் வந்தாலும் மெதுவாகத்தான் நகர்கிறது. பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் பாதிக் கொள்ளளவு என்று நினைத்துவிடாதீர்கள். எது எதோடு விகிதசமமாக மாறவில்லை என்று கண்டுகொள்வதும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான். என்னைக் கேட்டால் அதுவே இதில் அருமையான பகுதி.

இனி நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு 1,000 கன அடி வீதம் திறந்தால் ஒரு டிஎம்சி தண்ணீர் வெளியேற எத்தனை நாள் ஆகும்? முதலில் வினாடியில் விடை காணுங்கள், பிறகு 86,400-ஆல் வகுங்கள். பதினொன்றரை நாளுக்குச் சற்று மேலே வந்தால் சரி.